பழைய நாடகத்தைத் திரும்ப மேடையேற்ற: நோட்டுப் பிரதி போக வேறென்ன தேடி எடுக்கோணும்?

1. நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் நாடகக் குழு ஒன்றின் பழைய சாமான் எல்லாம் ஒரே அறையில் கிடக்குது. அடுத்த பங்குனி நோம்பிக்குள் மூணு நாடகத்தையாவது திரும்பப் போடோணும்னு திட்டம். இருக்கிற கணக்கு இது: கையெழுத்து நோட்டு 9, டைப் அடித்த பிரதி 5, நோட்டீஸ் ஒரு கட்டு, போட்டோ 200 போல, ஆடியோ கேசட் 31, விஎச்எஸ் 6, மினிடிவி (MiniDV) கேமரா நாடா 4, வரைந்த படுதா 3 சுருள், உடுப்புப் பெட்டி 5.

போட நினைப்பது சுருக்கிய வள்ளி திருமணம், அண்ணன்மார் (பொன்னர்-சங்கர்) கதையில் கடைசிக் களம், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்து வீதி நாடகம் ஒன்று. நோட்டைப் படித்தால் வசனம் தெரியுது. யார் எங்கே நின்றாங்க, எப்போ வெளிச்சம் மாறுச்சு, எது எவ்வளவு நேரம் ஓடுச்சு, ஒண்ணுமே இல்லீங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

2. பக்கத்திரை

நோட்டிலிருந்து ஆரம்பிக்காதீங்க. ஆளிலிருந்து ஆரம்பிங்க. கேசட்டை அடுத்த வருசம் கூடப் பார்த்துக்கலாம். எழுபது வயசு தாண்டிய ஆர்மோனியக்காரரையும் அன்றைய ராஜபார்ட்டையும் இந்த மாசமே பார்க்கோணும்.

கேட்கிறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. எல்லாரையும் ஒண்ணாக் கூட்டி வைத்துக் கேட்டால் சத்தமாப் பேசறவர் நினைவுதான் எல்லாருக்கும் நினைவாயிரும். ஒருத்தர் ஒருத்தராப் பாருங்க. முதலில் போட்டோவைக் கையில் கொடுங்க, அப்புறம் கேளுங்க. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும், மேடை வராது. "இந்த வசனத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தீங்க? கையில் என்ன இருந்துச்சு? வெளியே போறப்போ யாரைத் தாண்டிப் போனீங்க?" என்று கேளுங்க. தரையில் சாக்பீஸால் மேடையை வரைந்து நடக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வாய் மறந்ததைக் கால் வைத்திருக்கும்.

நடந்ததை உடனே படமாப் போடுங்க. கட்டம் போட்ட தாளில் கால் இஞ்சுக்கு ஒரு அடி. மேடை முன்விளிம்பின் இடது மூலையிலிருந்து ஒரு அளவு, வலது மூலையிலிருந்து ஒரு அளவு, இரண்டும் வெட்டும் புள்ளியில் சிம்மாசனமோ மரமோ. ஒரே மூலையிலிருந்து மட்டும் அளந்தால், மண்டபம் மாறும்போது எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அப்புறம் பிரதியை மறுபடி எழுதுங்க. பழைய நோட்டில் ஒரு எழுத்துக்கூடப் புதுசாச் சேர்க்க வேண்டாம். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்க. வலது பக்கம் வசனம், இடது பக்கம் வெற்றுத்தாள். இடப்பக்கத்தில் நகர்வுக்குக் கருப்பு, விளக்குக்குச் சிவப்பு, ஒலிக்கு நீலம், கைச்சாமானுக்குப் பச்சை. ஒவ்வொரு குறிப்புக்கும் எண். விளக்கு எண்ணும் ஒலி எண்ணும் ஒரே வரிசையில் ஓடினால் இருட்டில் குழப்பம் வரும், அதனால் விளக்குக்கு 1 முதல், ஒலிக்கு 101 முதல். குறிப்பு எந்தச் சொல்லில் விழுதோ அந்தச் சொல்லின் அடியில் கோடு. வரியின் அடியில் மொத்தமாகக் கோடு போட்டால் ஒருத்தர் வரி தொடங்கும்போது விளக்கை அணைப்பார், இன்னொருத்தர் முடிந்த பிறகு அணைப்பார்.

3. எழுத்தச்சு

நோட்டீஸ் கட்டைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். தேதி கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். பல நோட்டீசில் கிழமை, தமிழ் மாதம், தேதி இருக்கும், வருசம் இருக்காது. வருசத்தை இப்படிக் குறுக்கலாம்:

முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. "பெரியார் மாவட்டம்" என்று இருந்தால் 1979-க்குப் பிறகு, 1990-களின் கடைசிக்கு முன். அப்புறம் அது ஈரோடு மாவட்டம். திருப்பூர் மாவட்டம் என்று இருந்தால் 2009 அல்லது அதற்குப் பிறகு. நாமக்கல் மாவட்டம் என்றால் 1997 முதல். ணை, லை, னை பழைய கொம்பு வடிவில் அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்று தோன்றும். அதை மட்டும் நம்பாதீர்கள். சின்ன அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் தேயும்வரை பல வருசம் ஓடின.

இத்தனை குறுக்கிய பிறகு தேதியும் கிழமையும் பொருந்துகிற வருசத்தைப் பழைய பஞ்சாங்கத்தில் பாருங்கள். ஒரே தேதி ஒரே கிழமையில் 5, 6 அல்லது 11 வருசத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வருசம்தான் மிஞ்சும்.

நோட்டீசை லேமினேட் பண்ண வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னை முதலில் கழற்றுங்கள். 4×6 போட்டோ 600 டிபிஐ-யில் ஸ்கேன் போதும். நெகட்டிவ் கிடைத்தால் அதை 2400-க்கு மேல் எடுங்கள், பின்வரிசை ஆட்களின் உடுப்புவரை தெரியும். போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது முக்கியம். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

4. ஒலிப்பெட்டி

கேசட்டுக்கு வருவோம். டெக்கில் போடுவதற்கு முன் மூணு விஷயம் பார்க்கோணும்.

ஒன்று, கேசட்டின் வாய்ப்பக்கம் நாடாவுக்குப் பின்னால் தகட்டு ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு. பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் நாடா ஹெட்டில் படியாமல் மேல் ஸ்வரமெல்லாம் மங்கிக் கேட்கும். ஸ்குரூ போட்ட வேறொரு வெற்றுக் கேசட்டைத் திறந்து, நாடாவை அந்தக் கூட்டுக்குள் மாற்றிவிடுங்க. ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய கூடானால் விளிம்பில் கத்தி வைத்து நெம்பித் திறக்கோணும், கூடு போனால் போகட்டும்.

இரண்டு, பூஞ்சை. சன்னல் வழியாப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரியும். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை உள்ளதைத் தனியா வைத்துக் கடைசியில் எடுங்க. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைங்க.

மூணு, வேகம். நாடகக் கேசட்டுக்கு இதுதான் ஆளைக் கவுக்கிற இடம். பழைய ரிக்கார்டர் இறங்கிப்போன பேட்டரியில் ஓடியிருந்தால் வேகம் குறைந்து பதிவாகியிருக்கும். இன்றைய டெக்கில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடினாலே அரைக் கட்டை (கட்டைங்கிறது ஆர்மோனியத்தில் சுருதி அளவு) ஏறிரும். 5 கட்டையில் பாடியது 5½ ஆகக் கேட்கும். அதை நம்பிப் புதுப் பாடகருக்குப் பாடம் சொன்னால் தொண்டை கிழிஞ்சிரும். ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் எந்தக் கட்டையில் வாசித்தார்னு கேட்டு, அதுக்குப் பொருந்த வேகத்தைத் திருத்திட்டுத்தான் சேமிக்கோணும். திருத்தாத கோப்பையும் கூடவே வைங்க.

சேமிப்பு வேவ் கோப்பில். நிமிடத்துக்கு 10 எம்பி போல் ஆகும். 31 கேசட்டும் 90 நிமிடம் என்றாலும் 28 ஜிபிக்குள் அடங்கிரும். எம்பி3 கேட்கிறதுக்கு மட்டும்.

மினிடிவி நாலையும் விஎச்எஸ்-க்கு முன்னால் எடுங்க. ஓட்டக்கூடிய கேமரா அரிதாகிட்டு வருது. மணிக்கு 13 ஜிபி. ஃபயர்வயர் வழியா எடுத்தால் நாடாவில் உள்ளது அப்படியே வரும், மஞ்சள் வயர் வழியா எடுத்தால் ஒருபடி கெட்டுப்போய் வரும். விஎச்எஸ்-ஐ ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுசாச் சுத்தித் திருப்பிச் சுத்துங்க. வருசக்கணக்கில் ஒட்டிக் கிடந்த நாடா சடாரென்று ஓடினால் அறுந்துரும்.

5. விளக்குப்பலகை

ஒலிப்பெட்டி சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்: விஎச்எஸ் பார்த்து விளக்குக் குறிப்பு எழுதாதீர்கள். அந்தக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், நிறத்தையும் சரிசெய்துகொள்ளும். மேடை பாதி இருட்டானால் படம் ஒரு நொடி கருத்துப் பிறகு வெளுக்கும். அதனால் எவ்வளவு பிரகாசம், என்ன நிறம் என்று படத்திலிருந்து எடுக்க முடியாது. எப்போது மாறியது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது (நிழல் விழும் திசை), இந்த இரண்டை மட்டும் எடுக்கலாம்.

விளக்கு எத்தனை, எத்தனை வாட் என்பதற்கு அன்றைய மைக்செட், லைட்செட் வாடகைப் பில்லைத் தேடுங்கள். வரவு செலவு நோட்டில் சொருகியிருக்கும். "ஆலசன் 6" என்று ஒரு வரி கிடைத்தால் போதும்.

அதை அப்படியே திரும்பச் செய்ய வேண்டும் என்றில்லை. 1000 வாட் ஆலசன் ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். ஆறு போட்டால் 26 ஆம்பியர். மண்டபத்து 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் தாங்காது. மூன்று பேஸிலிருந்தும் பிரித்து எடுத்தால்தான் சரிவரும், அதுவும் மண்டபத்து எலக்ட்ரீஷியன் முன்னால் நின்று கொடுத்தால்தான். அதே இடத்தில் எல்இடி பார் (PAR) விளக்கு எட்டு, ஒன்று 150 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 5 ஆம்பியர் அளவுதான்.

ஆனால் பழைய குறிப்பில் "40%" என்று இருந்தால் எல்இடி-யில் 40 என்று வைக்காதீர்கள். ஆலசனைக் குறைக்கக் குறைக்க அது ஆரஞ்சாகும். அந்தக் காலத்து அந்திக் காட்சி எல்லாம் அந்தச் சிவப்பில்தான் நின்றது. எல்இடி குறைந்தாலும் நிறம் மாறாது, மங்கிய வெள்ளையாகவே இருக்கும். சிவப்பு முழுசு, பச்சை ஏறக்குறைய பாதி, நீலம் மிகக் கொஞ்சம் என்று தொடங்கி, நடிகர் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சுவரைப் பார்த்து நிறுத்தினால் முகம் பச்சை அடிக்கும். மலிவான எல்இடி-யில் கடைசி 5 விழுக்காடு படிப்படியாக இறங்காமல் டக்கென்று அணையும். கடைசிக் காட்சி மெதுவாக இருட்ட வேண்டுமானால் ஒரே ஒரு ஆலசனை மட்டும் டிம்மரோடு வைத்துக்கொள்ளுங்கள், எல்இடி அணைந்த பிறகு அது இறங்கட்டும்.

6. தறிமேடு

படுதாச் சுருளை இன்னும் பிரிக்கலைன்னா பிரிக்காதீங்க. பழைய சீன் எல்லாம் பொடிக்கலரை வஜ்ரப் பசையில் குழைச்சு எழுதினது. பசை காஞ்சு போயிருக்கும், வேகமா விரிச்சால் பெயிண்டு செதில் செதிலாக் கொட்டிரும். மழையில்லாத நாளில், சுத்தமான தரையில் வெள்ளைத் துணி விரிச்சு, எழுத்துப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி ஒரு நாளைக்கு நாலடி, அஞ்சடி என்று பிரிங்க. பிரிச்ச அளவுக்கு நேர் மேலிருந்து போட்டோ. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பசை கரையும். திரும்பச் சுத்தும்போது மூங்கிலில் சுத்தாமல் 6 இஞ்ச் பிவிசி பைப்பில், எழுத்துப் பக்கம் வெளியே தெரியறமாதிரி சுத்துங்க. உள்பக்கமாச் சுத்தினால் பெயிண்டு நசுங்கி மடியும்.

மேடையில் அதையே கட்டோணும்னு அடம் வேண்டாம். போட்டோவை வைச்சுப் புதுசு எழுதலாம். இல்லைன்னா வெறும் கருப்புத் திரை. நம்ம ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. சோமனூர், பல்லடம் தறியில் காடாத் துணி கிடைக்கும், ஈரோட்டுச் சந்தையிலும் எடுக்கலாம். கணக்கு இப்படி: மேடை அகலம் 24 அடி, உயரம் 12 அடி. மடிப்பு விழ ஒண்ணரை மடங்கு, 36 அடி துணி வேணும். 48 இஞ்ச் பன்னா (துணி அகலம்) என்றால் 9 பட்டை. ஒவ்வொண்ணும் 12 அடியோட மேல் குழலுக்கும் கீழ் மடிப்புக்கும் ஒண்ணரை அடி சேர்த்து 13½ அடி. மொத்தம் 121½ அடி, அதாவது 37 மீட்டர். காடா சாயம் போட்டால் சுருங்கும், அதனால் முதலில் ஒரு மீட்டரை மட்டும் நனைச்சுக் காயவைச்சு அளந்து, எவ்வளவு சுருங்குச்சோ அவ்வளவு சேர்த்து வாங்குங்க. பாலியஸ்டர் விலை குறைவுதான், ஆனா விளக்குப் பட்டால் மினுங்கும், பின்னால் ஆள் நடந்தால் அலை தெரியும். திருப்பூர் பனியன் துணி செகண்ட்ஸ் கிலோ கணக்கில் கிடைக்குதுன்னு திரைக்கு வாங்கிராதீங்க, தொங்கத் தொங்க இழுத்துக்கிட்டே போகும், ஓரம் சுருண்டுக்கும். அதை உடுப்புக்கு அடித்துணியா வைச்சுக்கலாம்.

தீக்குப் பயந்தால், பயப்படத்தான் வேணும், தண்ணி 100 பங்குக்கு வெண்காரம் 6 பங்கு, போரிக் பவுடர் 5 பங்கு எடை கணக்கில் வெந்நீரில் கரைச்சுத் துணியை முக்கிக் காயவைங்க. 10 லிட்டருக்கு 600 கிராமும் 500 கிராமும். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெளியில் வைச்சுத் தீக்குச்சி காட்டிப் பாருங்க. குச்சியை எடுத்ததும் அணையோணும். ஒருதடவை துவைச்சாப் போயிரும், மறுபடி முக்கோணும்.

வெளியில் போடறதாயிருந்தால் ஆனி, ஆடி, ஆவணி வேண்டாமுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் எல்லாம் ஒரே வீச்சா வீசும். 24-க்கு 12 அடித் திரை 288 சதுர அடி. மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து அடிச்சால் அதில் 160 கிலோவுக்கு மேலே இழுவை விழும். ரெண்டு சவுக்குக் கம்பம் அதைத் தாங்காது. போட்டே ஆகோணும்னா திரையை மேற்கே பார்த்துக் கட்டாமல் பக்கவாட்டில் வைங்க, உயரத்தை 8 அடியாக் குறைங்க, ஒரே துணியாத் தைக்காமல் பட்டை பட்டையாத் தொங்கவிட்டு அடியில் மணல் பை கட்டுங்க. பட்டைக்கு நடுவே காத்துப் போகட்டும்.

7. நொய்யல்கரை

நெம்ப நன்றிங்க. படுதாவை அப்படியே வைத்துவிட்டோம். இரண்டு சந்தேகம். டைப் பிரதிகளில் மூணு கம்ப்யூட்டர் கோப்பாவே இருக்குது, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாத் தெரியுது. இன்னொண்ணு, வள்ளி திருமண நோட்டு 22 பக்கம்தான். ஆனால் அந்த நாடகம் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற வரைக்கும் ஓடியதாத்தான் எல்லாரும் சொல்றாங்க. நோட்டில் பாதி காணாமல் போயிருச்சா?

8. எழுத்தச்சு

கோப்பு கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. பாமினி, வானவில், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கான மாற்றியில் போட வேண்டும். தவறான மாற்றியில் போட்டால் முழுதும் குப்பையாக வராது, முக்கால்வாசி சரியாக வந்து நம்மை ஏமாற்றும். ஒ-ஓ, கொ-கோ, ஸ்ரீ, க்ஷ, ஔகாரம் இவற்றில்தான் பிழை நிற்கும். "கெடு" என்பது "கேடு" ஆனால் வசனத்தின் பொருளே போய்விடும். மாற்றிய பிறகு ஒருவர் பழைய அச்சுத் தாளை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும்.

உரிமை விஷயம்: ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார், அவர் பாட்டும் வசனமும் யாரும் போடலாம். பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964, அவருக்கும் 2024-ஓடு முடிந்தது. மற்றவர்களுக்கு, குறிப்பாக உங்கள் குழுவுக்கே எழுதிக்கொடுத்தவர்கள் மறைந்திருந்தால், வாரிசுகளிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எத்தனை தடவை, பதிவு செய்து இணையத்தில் போடலாமா, வெட்டலாமா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

9. ஆர்மோனியம் 5½

நோட்டு முழுசாத்தான் இருக்குதுங்க, காணாமல் போகலை. வள்ளி திருமணத்தில் எழுதி வைப்பது பாட்டும் அதுக்கு முன்பின் வசனமும்தான். நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியோடு பண்ற தர்க்கம் மேடையில் அப்பப்போ பிறப்பது. நோட்டில் அரைப்பக்கம் இருக்கும், மேடையில் ஒண்ணரை மணி நேரம் போகும். பபூன் காமிக்கும் அப்படியே. பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடும் கணக்கும் நோட்டில் வராது.

தர்க்கம் வேணும்னா கேசட்டில் தேடுங்க. வள்ளி திருமணக் கேசட் நாலு அஞ்சு இருந்தால் ஒவ்வொண்ணிலும் தர்க்கம் வேறாத்தான் இருக்கும். அதை அப்படியே எழுதி மனப்பாடம் பண்ணவைத்தால் உயிர் போயிரும். கேள்வி பதில் சுற்றை மட்டும் பொறுக்குங்க. எந்தக் கேள்வியில் தொடங்குது, எந்தப் பதிலில் வள்ளிக்குக் கோபம் வருது, எந்தச் சொல்லில் பாட்டு எடுக்கோணும். அப்படி ஏழு எட்டுச் சுற்று, சுற்றுக்கு ஒண்ணரை நிமிடம். கடைசிச் சொல் மட்டும் மாறக்கூடாது, ஏன்னா ஆர்மோனியமும் மிருதங்கமும் அதுக்குத்தான் காத்திருக்கும்.

நேரத்துக்கு வேற வழியுமில்லை. ஒலிபெருக்கி ராத்திரி 10 முதல் காலை 6 வரைக்கும் கூடாதுன்னு 2000-வது வருசத்து ஒலி மாசு விதி. திருவிழாவுக்கு அரசு தளர்த்தினாலும் 12 மணிவரைக்கும்தான், அதுவும் வருசத்தில் 15 நாளுக்குள். 7 மணிக்குத் தொடங்கினால் கையில் மூணு மணி நேரம். ஆலோலப் பாட்டு, நாரதர் தர்க்கம், வேடன், கிழவர், யானை, கல்யாணம். இதில் கிழவர் காட்சியைக் குறைக்காதீங்க, சனம் அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கும். தர்க்கத்தை 12 நிமிடத்துக்கும், பபூனை 10 நிமிடத்துக்கும் கட்டுங்க. பாட்டில் சரணத்தை வெட்டலாம், பல்லவி திரும்பும் கணக்கைக் குறைக்கலாம். ராகத்தை மாத்தாதீங்க.

10. உடுக்கை

அண்ணன்மார் கதைக்கு வருகிறேன். இது மற்ற இரண்டைப் போல நாடகம் மட்டும் இல்லை, கும்பிடுகிற கதை. கொங்குநாட்டில் உடுக்கடித்துப் பாடும்போது படுகளத்தில் (வீரர்கள் மாண்டு விழும் கட்டத்தில்) ஆட்கள் அருள் வந்து விழுவார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். மேடைக்குக் கொண்டுவந்தாலும் உடுக்கை அதே உடுக்கைதான். பார்வையாளரில் யாருக்காவது அருள் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே 5 அடி வழி, கூடவே ஊர்ப் பூசாரியோ விவரம் தெரிந்த பெரியவரோ, ஒரு சொம்பு தண்ணீர். உடுக்கைக்காரர் எந்த இடத்தில் அடியை இறக்க வேண்டும் என்று பிரதியிலேயே குறி போடுங்கள். மேடையில் இருப்பவர்கள் அதை நடிப்பாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

அடுத்தது பாடபேதம். பாடகருக்குப் பாடகர் கதை மாறும். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1965-ல் ஓலப்பாளையத்தில் பதிவு செய்த பாட்டு ஒன்று, ஏட்டிலிருந்து அச்சான அம்மானை வடிவம் வேறு. உங்கள் பழைய நாடகம் எதைப் பின்பற்றியது என்று கண்டுபிடித்து முதல் பக்கத்தில் எழுதுங்கள். சங்கர் முதலில் விழுகிறாரா, பொன்னர் எப்போது வந்து சேர்கிறார், தங்கை தங்காள் களத்துக்கு வரும்போது துணைக்கு யார், பெரியகாண்டி அம்மன் எப்போது வருகிறாள். இந்த நான்கு இடத்தைக் கேட்டாலே எந்த வழி என்று பிடிபட்டுவிடும். இரண்டு வழியைக் கலந்தால் கதை தெரிந்த ஊரில் முதல் வரிசையிலேயே எழுந்துவிடுவார்கள்.

சாம்புகனைக் கோமாளியாக்கிய பழைய பிரதிகள் பல உண்டு. கதையில் அவன் வீரன், களத்தில் கூடவே நின்றவன். அந்தச் சிரிப்பு வசனங்களை வெட்டுங்கள் என்பதே என் கருத்து. வெட்டியதைப் பிரதியில் அடித்துக் காட்டுங்கள், கிழிக்காதீர்கள்.

களத்துச் சண்டைக்கு இரும்பு வாள் வேண்டாம். ஒட்டுப்பலகையில் வெட்டி, விளிம்பை உருட்டித் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்தது போதும். ஒவ்வொருவரைச் சுற்றியும் கை நீளமும் வாள் நீளமும் சேர்ந்த இடம் வேண்டும். பழைய மேடை 30 அடி, புதியது 22 என்றால் ஆட்களைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். மேடையில் பவானி ஜமக்காளம் விரித்தால் பலகையின் அதிர்வு மைக்கில் ஏறாது. ஆனால் டைல்ஸ் மேல் வெறுமனே விரித்தால் வழுக்கும். நான்கு ஓரமும் துணி டேப் ஒட்டி, சண்டை நடக்கும் இடத்தில் மட்டும் விரிக்காமல் விடுங்கள்.

11. வீதிமேளம்

விளக்கும் திரையும் பற்றி நிறையச் சொல்லியாச்சு. மூணாவது நாடகத்துக்கு அதில் ஒண்ணுமே வேண்டாம். 1990-களில் அறிவொளிக்காகப் போட்ட வீதி நாடகத்தை மண்டப மேடையில் ஏற்றினால் அது செத்துவிடும். சுற்றி நிற்கும் கூட்டம்தான் அதற்குத் திரை.

சுண்ணாம்பில் வட்டம், குறுக்களவு 15 அடி. முன்வரிசை உட்கார, பின்வரிசை நிற்க. வட்டம் பெரிதானால் குரல் எட்டாது, சிறிதானால் நடிகர் முதுகுதான் தெரியும். ஒருத்தர் ஒரே பக்கம் பார்த்து நாலு வரிக்கு மேல் பேசக் கூடாது. முக்கியமான வரியைத் திரும்பி நின்று இன்னொரு தடவை பேசுவது அந்தப் பிரதிகளில் "மறுபடி" என்று குறிக்கப்பட்டிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். நேரம் 20 நிமிடம். கூட்டம் கூட்டுவதற்கு முன்னால் 10 நிமிடம் பறை. தோலைக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் தளரும், மழை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டாவது பறையைக் காய்ச்சித் தயாராக வைத்து மாற்றுங்கள்.

பக்கத்திரைக்கு ஒரு மாற்றுக் கருத்து. நகர்வை இஞ்ச் கணக்கில் எழுதுவது மேடைக்குச் சரி. வீதி நாடகத்துக்கு அப்படி எழுதினால் முதல் தெருவிலேயே நாய் குறுக்கே வரும், பஸ் வரும், எல்லாம் கலைந்துவிடும். இங்கே எழுத வேண்டியது இரண்டுதான்: எந்த வரியில் யார் வட்டத்துக்குள், யார் விளிம்பில். பிறகு கூட்டத்திடம் கேட்கும் கேள்வி எது, பதில் வராவிட்டால் அதை யார் சொல்வது.

12. பக்கத்திரை

வீதிமேளம் சொல்வதை ஏற்கிறேனுங்க, வீதி நாடகத்துக்கு அளவு வேண்டாம். ஆனால் பாட்டுக்கு நின்ற வரிசையையும் உருவம் கட்டும் இடத்தையும் மட்டும் படமா எழுதி வைங்க. ஆறு பேர் சேர்ந்து கிணறாகவோ தறியாகவோ நிற்பார்கள். யார் தோளில் யார் கை என்பது பிரதியில் இருக்கவே இருக்காது. உடல் எடை பார்த்துத்தான் அந்த வரிசை அமைந்திருக்கும். ஆள் மாறும்போது அடியில் நிற்பவர் யாரென்று முதலில் முடிவு பண்ணோணும்.

13. வீதிமேளம்

ஆமாம், அது வேண்டும். போட்டோவில் அதுதான் அதிகம் கிடைக்கும்.

14. முகவெள்ளை

உடுப்புப் பெட்டி ஐந்தையும் திறந்தால் மேக்கப் டப்பாவும் கிடக்கும். பழைய பொடி எதையும் முகத்தில் போட வேண்டாம். அரிதாரம் என்று நாம் சொல்லும் மஞ்சள் கல், ஆர்செனிக் சேர்ந்த பொருள். பழைய செந்தூரத்தில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். வியர்வையோடு வாயிலும் கண்ணிலும் இறங்கும். டப்பாவைப் படம் எடுத்துக்கொண்டு, பொடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள். நிறம் மட்டும்தான் நமக்கு வேண்டும், அதைப் புது மேக்கப் கிரீமில் கலந்து கொண்டுவரலாம். எல்இடி வெளிச்சத்தில் பழைய கணக்குக்கு ரோஸ் போட்டால் கன்னம் ஊதாவாகத் தெரியும். ஒத்திகையில் மேடை விளக்கிலேயே போட்டுப் பாருங்கள்.

ஜரிகை உடுப்பைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், வேர்த்துக் கருத்துவிடும். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றுங்கள். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் அங்கேயே ஜரிகை அறுகிறது, வருசம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒவ்வொரு உடுப்பிலும் துணிநாடாவில் எழுதித் தைக்க வேண்டியது நாடகம், பாத்திரம், மார்பளவு, உயரம். பேனாவால் உடுப்பின் மேலேயே எழுதக் கூடாது.

15. நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. மண்டபத்தை அளந்தாச்சு: மேடை அகலம் 22 அடி, ஆழம் 14, தரையிலிருந்து உயரம் 3 அடி, மேடைக்கு மேல் கூரை 11 அடி. பக்கவாட்டில் வலதுபுறம் மட்டும்தான் வழி, இடதுபுறம் சுவர். ஆர்மோனியக்காரரை வர்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கறோம். பழைய வள்ளி திருமணத்தில் நாரதர் இடதுபுறமிருந்துதான் வருவாராம். அதை எப்படிச் சரிக்கட்டறது?

16. பக்கத்திரை

எல்லாத்தையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுராதீங்க. வேடனும் கிழவரும் எந்தப் பக்கம் வராங்கன்னு முதலில் பாருங்க. அவங்க வலதுபுறம்னா நாரதரும் அங்கேயே வந்தால் கதை குழம்பும். பின்திரையைச் சுவரிலிருந்து 3 அடி முன்னால் இழுத்துக் கட்டுங்க. ஆழம் 11 அடியாகும், இந்த நாடகத்துக்குப் போதும். திரைக்குப் பின்னால் வலமிருந்து இடம்வரைக்கும் ஆள் நடக்க வழி கிடைக்கும். இடது ஓரத்தில் சுவரை ஒட்டி 4 அடி அகலத்தில் ஒரு பக்கத்திரை தொங்கவிட்டால் நாரதர் அதன் மறைவிலிருந்து வரலாம். அந்த வழியில் வயர் எதுவும் தரையில் ஓடக்கூடாது, தரை ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டுங்க. இருட்டில் தம்புராவோடு நடக்கிறவருக்கு அந்தக் கோடுதான் வழி. கூரை 11 அடி என்பதால் திரை உயரம் 10½ அடி. தறிமேடு சொன்ன கணக்கை இந்த அளவுக்குத் திரும்பப் போடோணும்.

17. தறிமேடு

போட்டாச்சுங்க. 22 அடிக்கு ஒண்ணரை மடங்கு 33, பட்டை எட்டேகால் வரும், 9 எடுங்க. பட்டைக்கு 12 அடி. மொத்தம் 108 அடி, 33 மீட்டர். பக்கத்திரைக்குத் தனியா ஒண்ணரைப் பட்டை, இன்னொரு 5½ மீட்டர். சுருக்கம் பார்க்க ஒரு மீட்டர். 40 மீட்டரோட, அந்த ஒரு மீட்டரில் எவ்வளவு சுருங்குச்சோ அந்தக் கணக்குக்குச் சேர்த்து வாங்கிருங்க.